தன்னார்வலர்கள் செய்யும் கணினி விளையாட்டுக்கு இசையும் ஒலியும் அமைப்பது எப்படி

சம்பளம் இல்லாமல் பலர் சேர்ந்து செய்யும் விளையாட்டுகளில் நிரல் எழுத ஆள் வருவார்கள், படம் வரையவும் வருவார்கள். ஒலிக்குத்தான் கடைசிவரை ஆள் தேட வேண்டியிருக்கும். அந்த வேலையை எடுத்துக்கொள்ள நினைத்தால், இசை மென்பொருளை இப்போதைக்குத் திறக்காதீர்கள். விளையாட்டைத் திறந்து, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆடுங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். பொத்தானை அழுத்துவது, நடப்பது, அடிபடுவது, நாணயம் எடுப்பது என்று ஒவ்வொன்றும் நடக்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்.

என் வேலை முழுவதும் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும். முறைவைத்து ஆடும் போர் விளையாட்டு என்றால், வீரனைத் தேர்ந்தெடுக்கும் ஒலி நூற்றுக்கணக்கில் வரும், வாள்வீச்சு அதற்கு அடுத்து, வெற்றி முழக்கம் ஒரே ஒரு முறை. அதிகம் கேட்கும் ஒலி சின்னதாக, மெதுவாக, கூர்மை இல்லாமல் இருக்க வேண்டும். அரிதாகக் கேட்பது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாங்கும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முகப்புத் திரைக்கான இசையில் தொடங்கி அதிலேயே தங்கள் சக்தியைச் செலவழிக்கிறார்கள். ஆடுபவர் அந்தத் திரையில் சில நொடிகள்தான் நிற்பார். ஆகவே நான் அதைக் கடைசியில்தான் செய்வேன்.

பொத்தான் ஒலி பத்தில் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில் நம் காது மிகவும் கூர்மையாக இருக்கும். அந்தப் பகுதியில் ஓங்கி அடிக்கும் ஒலி முதல் முறை தெளிவாகத் தோன்றும், ஐம்பதாவது முறை எரிச்சலூட்டும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஈக்வலைசரைத் (ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) திறந்து அங்கே கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், உடனே ஒலி பதமாகும்.

காலடி ஓசைக்கு ஒரே கோப்பு போதாது. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரம் நடப்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு தரைக்கும் நான்கைந்து மாற்றங்கள் பதிவு செய்யுங்கள். முந்தைய முறை வந்தது அடுத்த முறை வராதபடி, சுருதியும் அளவும் கொஞ்சம் மாறும்படி நிரலாளரிடம் கேளுங்கள். விளையாட்டு உருவாக்கும் இலவச மென்பொருளான கோடோ 4-இல் ஆடியோஸ்ட்ரீம் ரேண்டமைசர் என்றே ஒரு வசதி இருக்கிறது, நிரல் எழுதாமலே இதைச் செய்துவிடலாம். திரையில் ஓரிடத்திலிருந்து வரும் ஒலிகளை மோனோவில், அதாவது ஒற்றைத் தடமாகக் கொடுங்கள். பல விளையாட்டுகள் பயன்படுத்தும் ஓப்பன்ஏஎல் என்ற ஒலி நிரலகம், மோனோ ஒலியைத்தான் திசை பிரித்து ஒலிக்கும். இரட்டைத் தடமான ஸ்டீரியோ கொடுத்தால் எதிரி எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் ஒலி நடுவிலேயே கேட்கும்.

பதிவு செய்ய விலையுயர்ந்த மைக் தேவையில்லை. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து, அதன் முன்னால் கைபேசியை வைத்தால் எதிரொலி அடங்கிவிடும். தொடக்கத்தில் மூன்று நான்கு நொடி எதுவும் செய்யாமல் விடுங்கள். அந்த வெற்றுச் சத்தத்தை மாதிரியாகக் காட்டித்தான் ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்க முடியும். வாளடி போன்ற ஒலியை மூன்று அடுக்காகச் செய்வேன்: முதலில் சாவிக்கொத்து மோதும் கூர்மை, அதன்கீழ் ஈரத்துணியை அறையும் கனம், கடைசியில் தோல் வாரை இழுக்கும் நீட்சி. மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, நேரத்தை ஒட்டி நகர்த்திச் சேர்த்தால் போதும். பழைய காலத்து எட்டு பிட் ஒலி வேண்டுமென்றால், லுடும் டேர் என்ற விளையாட்டு உருவாக்கும் போட்டிக்காக 2007-இல் உருவான எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சிறு மென்பொருள் இன்றும் போதுமானது.

இசைக்கு வருவோம். விளையாட்டின் இசை முடிவில்லாமல் சுற்றும், ஆகவே லூப்பின் (திரும்பத் திரும்பச் சுற்றும் இசைத்துண்டு) தையல் தெரியக்கூடாது. கணக்கு எளிது: நிமிடத்துக்கு 120 பீட் (தாளத் தட்டு), நான்கு பீட் கொண்ட 16 பார் (தாளச் சுற்று) என்றால் 64 பீட், அதாவது சரியாக 32 நொடி. அதற்கு மேல் ஒரு துளிகூட இருக்கக்கூடாது. ஆனால் அப்படி வெட்டினால் கடைசி இசைக்கருவியின் ரிவெர்ப் வால், அதாவது மெல்ல அடங்கும் எதிரொலி, அறுந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. அதே பகுதியை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து ஏற்றுமதி செய்யுங்கள், அப்புறம் இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தொடக்கத்தில் கலந்திருக்கும், கேட்பவருக்கு ஒட்டு தெரியாது.

இதை எம்பி3 ஆக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகச் சேமிப்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது அமைதி ஒட்டிக்கொள்ளும், சுற்றும்போது தடுக்கும். ஆக் வோர்பிஸ் என்ற இலவச ஒலிக்கோப்பு வடிவில் இந்தத் தொல்லை இல்லை. அளவும் குறைவு: ஒரு நிமிட 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு சுமார் 10 எம்பி, வோர்பிஸ் தரம் 5-இல் ஒன்றேகால் எம்பிக்கு அருகில்.

ஆடுபவர் நீண்ட நேரம் இருக்கும் இடத்தின் இசையில் முதல் எட்டு பாருக்குள் பளிச்சென்ற மெட்டு வைக்காதீர்கள். நினைவில் ஒட்டும் மெட்டுதான் முதலில் சலிக்கும். அமைதிக்கும் இடம் கொடுங்கள். தன்னார்வலர்கள் செய்த வெஸ்நோத் என்ற போர் விளையாட்டில் ஒரு இசைக்கு முன்னும் பின்னும் எத்தனை மில்லிநொடி மௌனம் வேண்டும் என்று குறிக்கவே தனி வசதி இருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எவ்வளவு அனுபவத்துடன் அதைச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. போருக்குத் தனி இசை எழுதுவதைவிட, அதே டெம்போ (வேகம்), அதே சுருதி, அதே நீளத்தில் முரசு அடுக்கு ஒன்று செய்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகவே ஓடட்டும், எதிரி வந்ததும் முரசின் அளவு மட்டும் ஏறட்டும்.

பலர் பல நேரத்தில் செய்த கோப்புகள் என்பதால் ஒலியளவு தாறுமாறாக இருக்கும். குழுவில் ஒரு எண்ணை முடிவு செய்து எல்லாரும் அதையே அளந்து கொடுங்கள். வீட்டுக் கன்சோல்களுக்கு சோனி பரிந்துரைத்தது -24 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு), அதிலிருந்து தொடங்கலாம். மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் ஒருமுறை கட்டாயம் கேளுங்கள், முரசின் அடிக்குரல் அங்கே காணாமல் போகும்.

உரிமம் பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். ட்ரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்ற வணிக விளையாட்டைத் தன்னார்வலர்கள் மறுபடி எழுதிய ஓப்பன்டிடிடி, பல வருடங்கள் அந்த மூல விளையாட்டின் படங்களையும் ஒலிகளையுமே நம்பியிருந்தது. தன்னார்வலர்கள் ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் (படங்கள்), ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ் (ஒலிகள்), ஓப்பன்எம்எஸ்எக்ஸ் (இசை) என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்த பிறகுதான், 2010-இல் வந்த 1.0.0 பதிப்பை மூலக் கோப்புகள் இல்லாமல் ஆட முடிந்தது. பலர் பதிவு செய்த ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் இணையதளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி உரிமம் உண்டு. வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை இருந்தால் தொடாதீர்கள், டெபியன் போன்ற லினக்ஸ் பதிப்புகள் தங்கள் முதன்மைத் தொகுப்பில் அதைச் சேர்க்காது. பதிவிறக்கும் அந்த நிமிடமே பெயர், முகவரி, உரிமம் மூன்றையும் ஒரு உரைக் கோப்பில் எழுதிவிடுங்கள். இசைக்கருவி ஒலிகளுக்கு சிசி0 உரிமத்தில் (யாரும் எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தலாம்) கிடைக்கும் வி.எஸ்.சி.ஓ. 2 கம்யூனிட்டி எடிஷன் போன்ற ஒலித்தொகுப்புகளை எடுத்தால், உங்கள் திட்டக் கோப்பை அப்படியே மற்றவருக்குக் கொடுக்கலாம். விற்பனைக்கு வரும் தொகுப்புகள் பலவற்றில் அதற்கு அனுமதி இல்லை.

கொடுக்கத்தான் வேண்டும். நீங்கள் விலகிப் போன பிறகு வருபவர் முரசை மட்டும் குறைக்க விரும்பலாம். அதனால் வோர்பிஸ் கோப்புடன் நீங்கள் இசையமைத்த எல்எம்எம்எஸ் அல்லது ஆர்டோர் மென்பொருளின் திட்டக் கோப்பையும், ஒவ்வொரு கருவியையும் தனியாகத் தரம் குறையாத ஃப்ளாக் வடிவிலும் வையுங்கள். கோப்பின் பெயர்களில் இடைவெளியும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் வேண்டாம். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, ஒரு எழுத்து மாறினால் ஒலி வராது.

எல்லாம் சேர்ந்த பிறகு, இந்த விளையாட்டை ஏற்கெனவே நிறைய ஆடிய ஒருவரிடம் ஒரு வாரம் கொடுங்கள். எது பிடித்தது என்று கேட்காதீர்கள், எந்த ஒலியை அணைக்கத் தோன்றியது என்று கேளுங்கள். அவர் முதலில் சொல்வதை மட்டும் மாற்றி, மறுபடி அவரிடமே கொடுங்கள்.