பழைய க்ரோனோகிராஃப் வாட்ச்: ஒரிஜினலா, ஒட்டுப்போட்டதா?

ஐம்பது வருடப் பழைய க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம்) ஒன்றை விலை பேசும்போது, "ஓடுதா?" என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஓடாத மிஷினை நல்ல மெக்கானிக் ஓட வைத்துவிடுவார். தூக்கிப் போட்ட ஒரிஜினல் டயலை யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, பாகங்கள் எல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா, சேர்ந்தே வயதானவையா என்பதைத்தான்.

உதாரணத்துக்கு 1960களின் கடைசியில் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். எந்த வருடம் எந்தப் பாகம் வந்தது என்று அக்குவேறு ஆணிவேறாக ஆராயப்பட்ட வாட்ச் அது. பாகம் மாற்றி விற்பதும் அதில்தான் அதிகம்.

1. பின்மூடியைத் திறந்த படம் கேளுங்கள்

மாடல் எண் பின்மூடியின் உள்பக்கத்தில் இருக்கும். 105.012, 145.012 என்றால் உள்ளே 321 மிஷின் இருக்க வேண்டும். 145.022 என்றால் 861. இந்த மாற்றம் நடந்தது 1968-ல். படம் தர விற்பவர் சாக்குப்போக்கு சொன்னால், அடுத்த வாட்சைப் பார்க்கப் போய்விடுங்கள்.

நேரில் பார்க்கும்போது திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். வாட்சின் துடிப்பை அளக்கும் ஆப்கள் போனிலேயே கிடைக்கின்றன. 321 மணிக்கு 18,000 முறை துடிக்கும், 861 மணிக்கு 21,600 முறை. "321 சார்" என்று சொல்லி விற்கும் வாட்ச் 21,600 காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

2. டயல்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. எழுத்துகளின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்க வேண்டும். மறுபெயிண்ட் அடித்த டயலில் எழுத்து கொஞ்சம் தடித்து, ஓரம் கசிந்து தெரியும். சின்ன டயல்களின் கோடுகள் சரியான இடத்தில் முடியாமல் தாண்டிப் போயிருக்கும். நம் ஊர் ஆன்லைன் சந்தையில் பளபளவென்று கிடைக்கும் பழைய வாட்சுகளில் இது ரொம்ப சகஜம். எழுபதுகளின் வாட்சில் புத்தம்புது டயல் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

321 மிஷின் உள்ள அறுபதுகளின் டயலில் ஒமேகா சின்னம் உலோகத்தில் செய்து பதித்ததாக இருக்கும். 1969-ல் வந்த 145.022-69 முதல் அது வெறும் பெயிண்ட். டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, "ஸ்விஸ் மேட்" என்பதற்கு இரு பக்கமும் 'டி' என்ற எழுத்து பொடியாக இருக்கும். இருட்டில் ஒளிர்வதற்காக ட்ரிட்டியம் கலந்த பூச்சு பூசியது என்பதற்கான அடையாளம் அது. அந்த எழுத்து இல்லாவிட்டால், சர்வீஸில் பின்னாளில் மாட்டிய டயலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதுவும் ஒமேகா தயாரித்ததுதான், போலி அல்ல. ஆனால் சேகரிப்பவர்கள் அதற்கு ஒரிஜினல் விலை தர மாட்டார்கள்.

3. இருட்டில் ஒரு சோதனை

ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருடம். ஐம்பது வருடத்தில் அதன் பிரகாசம் ஏறக்குறைய செத்துவிடும். விளக்கை அணைத்து, போன் டார்ச்சை டயலில் பத்து விநாடி காட்டி எடுங்கள். பழைய பூச்சு லேசாக ஒளிர்ந்து சட்டென்று அணையும். நின்று நிதானமாகப் பச்சையாக எரிந்தால் அது பின்னாளில் பூசியது. முட்களையும் டயலையும் தனித்தனியாகக் கவனியுங்கள். டயல் புள்ளிகள் வெண்ணெய் நிறத்திலும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால், முட்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை. லேசான நிற வித்தியாசம் இருக்கலாம், தப்பில்லை.

அறுபதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய வாட்சுகளில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கக்கூடும். அதைச் சுரண்டுவதோ வீட்டில் திறப்பதோ வேண்டாம்.

4. வளையமும் கேஸும்

கண்ணாடியைச் சுற்றியுள்ள வெளி வளையத்தில் வேகம் அளக்கும் எண்கள் இருக்கும்; அதில் 90 என்ற எண்ணைப் பாருங்கள். சுமார் 1970 வரை அந்த இடத்தைக் குறிக்கும் புள்ளி எண்ணுக்கு மேலே இருக்கும், அப்புறம் பக்கத்துக்கு வந்துவிட்டது. இத்துனூண்டு புள்ளிதான், ஆனால் மேலே புள்ளி வைத்த பழைய வளையம் தனியாகவே ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. அதனால் கழற்றி விற்பவர்களும் உண்டு, 1975 வாட்சில் அதை மாட்டி விலையேற்றுபவர்களும் உண்டு.

கேஸில், பட்டை மாட்டும் காதுகளின் விளிம்பைப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் நல்லது. சோப்புக்கட்டி போல் உருண்டிருந்தால் பாலிஷ் போட்டுப் போட்டு உலோகமே கரைந்துவிட்டது என்று அர்த்தம். கீறல் இருந்தால் இருக்கட்டும்.

பொத்தான்களை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ரீசெட் செய்ததும் ஸ்டாப்வாட்சின் விநாடி முள் நேராக 12-ல் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள்.

5. வயதான அழகுக்கு எவ்வளவு தரலாம்?

வெயிலில் காப்பி நிறத்துக்கு மாறிய கறுப்பு டயலுக்கு விலை எகிறும். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். 2021 நவம்பரில் ஜெனீவாவில், பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்தில், இப்படிப் பழுப்பேறிய டயல் கொண்ட 1957-ம் வருட மாடல் ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமேதான், தன் மியூசியத்துக்காக. அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்குண்டு என்றும் 2023-ல் ஒமேகாவே அறிவித்தது. அவர்களுக்கே இந்தக் கதி! என்னைக் கேட்டால், முதல் வாட்சுக்குக் காப்பி நிற டயலே வேண்டாம். சாதாரணக் கறுப்பு டயல், ஒரே காலத்து முட்கள், பாலிஷ் போடாத கேஸ், இவை போதும்.

வாங்கியபின் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் இரண்டு விஷயத்தைச் சீட்டிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்: பாலிஷ் போடக் கூடாது, மாற்றும் ஒவ்வொரு பழைய பாகத்தையும் கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்தக் கவருக்கும் சேர்த்துத்தான் விலை பேசுவார்கள்.