கொழும்புக்குக் குடிவருகிறீர்களா? முதலில் பள்ளிக்கூடம், பிறகு வீடு

தமிழ்நாட்டிலிருந்து வேலை மாற்றலாகி வருகிறவர்கள் எடுத்ததுமே வீடு தேடுகிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிற எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. முதலில் பிள்ளைக்குப் பாடசாலையை முடிவு செய்யுங்கள், அப்புறம் அதற்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். காலை 7.30-க்கு மணி அடித்துவிடும். அதற்கு முன்பே நகரின் பிரதான சாலையான காலி வீதி (Galle Road) முழுக்கப் பள்ளி வேன்கள் நிற்கும். மதியம் 1.30-க்கு விடும்போதும் அதே நெரிசல்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் என்றால் தமிழிலேயே காய்கறி வாங்கலாம், 100, 101 பஸ்ஸும் கடலோர ரயிலும் கைக்கெட்டும். வாடகைதான் கொஞ்சம் உறைக்கும்.

பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி போன்ற அரசுப் பாடசாலைகள் தமிழ் வழியில் நடக்கின்றன. புத்தகம் இலவசம். சிங்களம் இரண்டாம் மொழிப் பாடம். சமயமும் தேர்வு எழுதும் பாடம் என்பது நம்மவர்களுக்குப் புதிதாக இருக்கும். சைவநெறிக்கு மதிப்பெண் போடுவார்கள்! கவனிக்க வேண்டிய இன்னொன்று, இங்கே பள்ளிப்படிப்பு தரம் 13 வரை (தரம் என்றால் வகுப்பு). பொதுத்தேர்வான சாதாரண தரம் (ஓ.எல்.) தரம் 11-இல்தான் வருகிறது, நம் ஊரைப் போல பத்தாம் வகுப்பில் இல்லை. ஓரிரு ஆண்டில் திரும்பப் போகிறவர்கள் இதை இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் ஆங்கில வழிப் பன்னாட்டுப் பாடசாலைகளுக்குத்தான் போகின்றன. அவற்றில் பல, வணிக நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. அதனால் கட்டணத்தையும், தமிழ் ஒரு பாடமாக உண்டா என்பதையும் நேரில் கேட்டுவிடுங்கள். எந்தப் பாடசாலையானாலும் சரி, மாலையில் ட்யூஷன் காத்திருக்கும். வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். பாணும் (பிரெட்) பருப்பும், இடியப்பமும் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு), பிட்டும் சம்பலும் எங்கும் கிடைக்கும். தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், பட்டிஸ் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். பதற வேண்டாம், எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. எதில் மீன் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கடியுங்கள். சைவக்காரர்கள் சம்பலில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பார்வைக்குத் தேங்காயும் மிளகாயும்தான், உள்ளே மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள். சந்தேகமாக இருந்தால் வெள்ளவத்தைச் சைவக் கடைகளுக்குப் போய்விடுங்கள். பிள்ளைகளோடு மாலையில் வெளியே கிளம்பினால் கடற்கரைத் திடலான காலிமுகத்திடலில் (Galle Face) இறால் வடை, இரவுக்குக் கொத்து ரொட்டி. காரம் குறைத்துப் போடச் சொன்னாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. பள்ளி இல்லை, இறைச்சியும் மதுவும் விற்கமாட்டார்கள். வீட்டில் விருந்து என்றால் கோழியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.