சுகர் மாத்திரை போடாத அம்மா: நான் பிடித்த நேரக் கணக்கு

சீட்டில் எழுதிய மாத்திரை வீட்டில் ஒழுங்காக உள்ளே போகவில்லை என்றால் இது உங்களுக்கு. டைப் 2 சர்க்கரை நோய் பற்றிய அடிப்படையெல்லாம் இங்கே இல்லை.

1. திட்டாமல் கேளுங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மா, கிளிமிபிரைட் என்ற சுகர் மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "ஏன் போடல?" என்று நான் கத்திய வரைக்கும் வாயே திறக்கவில்லை. "போட்டா என்னம்மா பண்ணுது?" என்றதும் சொன்னார்: "கை காலு வெடவெடன்னு வருதுடா. மார்க்கெட்ல உயுந்துட்டா யாரு தூக்குவா?"

2. மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான். சீட்டில் இருந்தது 'காலை, சாப்பாட்டுக்கு முன்'. அம்மாவுக்குக் காலை என்பது 3 மணி. டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இட்லி வாயில் படும்போது மணி 9. கிளிமிபிரைட் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், சாப்பாடு வந்ததா என்று பார்க்காது. சுகர் இறங்காமல் என்ன செய்யும்? அம்மா பயந்தது நியாயம். தாளைக் காட்டியதும் டாக்டர் அதை 9 மணி இட்லிக்கு மாற்றினார். நீங்களாக மாற்றாதீர்கள், தாளோடு போய்க் கேளுங்கள்.

3. சுருக்குப்பையில் சர்க்கரைப் பொட்டலம். நடுக்கம், வியர்வை வந்தாலோ, சுகர் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் சாப்பாடு.

4. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் மாத்திரை டப்பா எனக்குப் பிடிக்கவில்லை. ஈரக்கை, கடல்காற்று. மாத்திரை அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் கிழமை எழுதிவிடுகிறேன். போட்டாரா இல்லையா என்பது பார்த்ததும் தெரிகிறது.

5. மீட்டருக்கு முன் கையைக் கழுவித் துடைக்கணும். பழம் தொட்ட விரல் பொய் சொல்லும். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்களுக்கு எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் எடுங்கள், மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும்.

பின்சேர்க்கை: காலையில் மறந்தால் ராத்திரி இரண்டாகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. இன்னொருவர் வீட்டில், மாத்திரையின் நிறம் மாறியதால் மாமியார் நிறுத்திவிட்டாராம். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். அட்டையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பழையபடியே இருக்கிறதா என்று அவர்கள் கண்ணெதிரிலேயே படித்துக் காட்டுங்கள்.