மெயினை அணைத்த பிறகும் ஓடிய மீட்டர்

இலங்கையின் அட்டனில் என் தையல் கடைக்குக் கரண்ட் கட்டட முதலாளியின் சப் மீட்டரிலிருந்துதான் (கடையின் செலவைத் தனியாக அளக்கும் துணை மீட்டர்) வருகிறது. இரண்டு மெஷின், ஒரு அயன், நாலு பல்பு. போன வருஷம் பில் திடீரென இரட்டிப்பானது. கேட்டால், "மீட்டர் பொய் சொல்லாது தம்பி" என்றார்.

ஒருநாள் இரவு கடையைப் பூட்டுமுன் மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மீட்டருக்குள் சுழலும் தட்டின் சிவப்புக் கோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது! மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார் என் கணக்கில் ஓடியிருக்கிறது.

ஒரு வாரம் இரவும் காலையும் ரீடிங்கைப் படம் எடுத்தேன். சண்டை போடவில்லை, கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், பிரதி கையில். சரிவராவிட்டால் 2002இன் 35ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த, மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். அந்த வரிதான் வேலை செய்தது என்பேன். நாலாம் நாள் வயர்மேன் வந்து மோட்டாரின் இணைப்பை என் மீட்டரிலிருந்து பிரித்தார். கூடுதல் காசை வாடகையில் கழித்தார்கள்.