எஃப்பிஜிஏ-வில் பல கிளாக்குகள்: நேரக் கட்டுப்பாடுகளை எழுதும் முறை

ஒரு எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) வடிவமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளாக்குகள் இருந்தால், எவையெவை ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை, எவை தனித்தனி ஆஸிலேட்டர்களிலிருந்து வருபவை என்பதை, நேர வரம்புகளைக் கருவிக்குச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறக்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏஎம்டி எஃப்பிஜிஏ-க்களுக்கான வடிவமைப்புக் கருவியான விவாடோ இதைத் தானாக ஊகிப்பதில்லை. நாம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, எல்லா கிளாக்குகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே அது எடுத்துக்கொள்ளும். ஆல்டெரா எஃப்பிஜிஏ-க்களுக்கான குவார்ட்டஸின் இயல்பும் அதுவே.

போர்டில் உள்ள ஆஸிலேட்டர் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைத் தருகிறது என்றும், கிகாபிட் ஈதர்நெட் கேபிளின் சிக்னலைக் கையாளும் ஃபை சிப், ஆர்ஜிஎம்ஐஐ என்ற இணைப்பின் வழியாக 125 மெகாஹெர்ட்ஸ் பெறுதல் கிளாக்கைத் தருகிறது என்றும் கொள்வோம். முதலாவதன் காலம் 10 நானோநொடி. இரண்டாவதன் காலம் 8 நானோநொடி. இரண்டும் பூஜ்யத்தில் ஒன்றாகத் தொடங்குவதாகக் கருவி கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில், 30-ஆவது நானோநொடியில் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து கிளம்பும் தரவு, 32-ஆவது நானோநொடியில் வரும் மறுபக்கத்தின் ஏறுமுனைக்குள் சென்று சேர வேண்டும். வெறும் 2 நானோநொடி! எதிர்முனைச் சாதனத்தின் கிளாக்கைப் பின்தொடரும் 125 மெகாஹெர்ட்ஸுக்கும் நம் ஆஸிலேட்டருக்கும் இடையே நிலையான கட்ட உறவே இல்லாததால், அந்த 2 நானோநொடியை எட்டினாலும் பயனில்லை. அதை எட்ட முயலும் கருவி, உண்மையிலேயே நெருக்கடியான மற்ற பாதைகளின் ரூட்டிங்கை (வயர் செல்லும் வழியை) கெடுத்துவிடக்கூடும்.

முதலில் சிப்புக்குள் நுழையும் ஒவ்வொரு கிளாக்கையும் அது நுழையும் சிப்பின் இணைப்பு முனையில் கிரியேட்_கிளாக் கட்டளையால் அறிவியுங்கள். ஒரு கிளாக்கிலிருந்து வேறு அதிர்வெண்களை உருவாக்கும் எம்எம்சிஎம், பிஎல்எல் ஆகிய தொகுதிகளிலிருந்து வெளிவரும் கிளாக்குகளை விவாடோ தானே வருவித்துக்கொள்ளும். அவற்றின் மேல் மீண்டும் கிரியேட்_கிளாக் எழுதினால் மூலக் கிளாக்குடன் உள்ள உறவு அறுந்துவிடும். ரெஜிஸ்டரால் வகுத்துப் பெற்ற கிளாக்குகளுக்கு மட்டும் கிரியேட்_ஜெனரேட்டட்_கிளாக் தேவை. கோப்பு மேலிருந்து கீழாக வாசிக்கப்படுவதால், கிளாக் அறிவிப்புகள் முதலிலும், சில பாதைகளின் வழக்கமான ஆய்வை மாற்றும் அல்லது நீக்கும் விதிவிலக்குகள் அவற்றுக்குப் பின்னும் வர வேண்டும்.

அடுத்து, விதிவிலக்கு எதையும் எழுதாமலேயே ரிப்போர்ட்_கிளாக்_இன்டராக்ஷன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்தக் கிளாக்கிலிருந்து எந்தக் கிளாக்குக்குப் பாதைகள் உண்டு என்பதை அது ஒரு கட்டமாகக் காட்டும்; பாதுகாப்பற்ற இணைகள் சிவப்பில் தெரியும். நாம் அறியாத கடப்பு (ஒரு கிளாக்கின் பகுதியிலிருந்து இன்னொன்றின் பகுதிக்குத் தரவு செல்லும் இடம்) ஒன்று இருந்தால், அது வெளிப்படும் இடம் இதுவே.

இந்த நிலையில் பலரும் செட்_கிளாக்_குரூப்ஸ் கட்டளையை அசின்க்ரனஸ் தெரிவுடன் ஒரு வரி எழுதி, இரு கிளாக்குகளையும் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கடப்பையும் தனித்தனியே சரிபார்க்காத வரை இந்த வரியை எழுதக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அது இரு திசைகளிலும் உள்ள எல்லாப் பாதைகளையும் ஆய்விலிருந்து நீக்கிவிடுகிறது. முன்னுரிமையிலும் மற்ற விதிவிலக்குகளுக்கு மேலே நிற்கிறது. ஆகவே அதே கிளாக்குகளுக்கு இடையே, பாதையின் அதிகபட்சத் தாமதத்துக்கு வரம்பிட நீங்கள் எழுதும் செட்_மேக்ஸ்_டிலே செயல்படாது.

இரு கிளாக்குகளுக்கு இடையே தரவை வரிசையாகக் கடத்தும் அசின்க்ரனஸ் ஃபிஃபோவில், எழுதும் அல்லது படிக்கும் இடத்தைக் குறிக்கும் கிரே கோட் பாயின்டருக்கு இது நேரடியான ஆபத்து. கிரே கோடில் ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டுமே மாறும் என்பதை நம்பியே அந்த பாயின்டர் மறுபக்கம் செல்கிறது. ஒரு பிட்டின் வயர் மட்டும் மற்றொன்றைவிட மூலக் கிளாக்கின் ஒரு காலத்துக்கும் மேல் தாமதமானால், அடுத்தடுத்த இரண்டு மாற்றங்கள் மறுபக்கத்தில் ஒரே நேரத்தில் தெரியலாம், அல்லது பிந்தியது முந்தி வந்துவிடலாம். அப்போது ஃபிஃபோ தவறான அளவைக் காட்டும். எனவே இந்தப் பாதைகளுக்கு செட்_மேக்ஸ்_டிலே கட்டளையை டேட்டாபாத்_ஒன்லி தெரிவுடன் எழுதி, இரு காலங்களில் சிறியதான 8 நானோநொடியை வரம்பாகக் கொடுங்கள். அத்தெரிவு கிளாக் ஸ்கியூவை (இரு முனைகளையும் கிளாக் சென்றடையும் நேர வேறுபாட்டை) கணக்கிலிருந்து விலக்கி, தரவு மிக விரைவாக மாறிவிடுகிறதா என்று பார்க்கும் ஹோல்டு ஆய்வையும் நீக்குகிறது. பிட்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்த செட்_பஸ்_ஸ்கியூ உண்டு.

ஒற்றை பிட் சிக்னலுக்கு, அதைப் பெறும் கிளாக்கில் அடுத்தடுத்து இயங்கும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டைத் தேக்கும் ரெஜிஸ்டர்) கொண்ட சின்க்ரனைசர் போதும். அவற்றுக்கு அசின்க்_ரெக் பண்பைக் கொடுத்தால் கருவி அவற்றை அருகருகே வைக்கும்; மெட்டாஸ்டபிலிட்டி (0, 1 என முடிவாகாத தற்காலிக நிலை) அடங்குவதற்கு அதிக நேரம் கிடைக்கும். முதல் ஃபிளிப்-ஃபிளாப்புக்குச் செல்லும் பாதைக்கு மட்டும், அதை ஆய்விலிருந்து நீக்கும் செட்_ஃபால்ஸ்_பாத் எழுதலாம். ஆனால் சின்க்ரனைசரே இல்லாத கடப்பை எந்தக் கட்டுப்பாடும் பாதுகாப்பாக்காது.

ஒரே எம்எம்சிஎம்-இலிருந்து வரும் 100, 200 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குகளுக்கு இடையே விதிவிலக்கு எழுதாமல், வழக்கமான ஆய்வுக்கே விட்டுவிடுங்கள்.

இறுதியாக, ரிப்போர்ட்_சிடிசி அறிக்கையால் சின்க்ரனைசர் இல்லாத கடப்புகளைத் தேடுங்கள். பிறகு ரிப்போர்ட்_எக்ஸெப்ஷன்ஸ் கட்டளையை இக்னோர்டு தெரிவுடன் இயக்கினால், வேறொரு விதிவிலக்கால் மறைக்கப்பட்டு வீணாகிக் கிடக்கும் வரிகள் தெரியவரும். சிந்தசிஸில் (நிரலைச் சுற்றாக மாற்றும் கட்டத்தில்) ரெஜிஸ்டரின் பெயர் மாறியதால் எதையும் சுட்டாமல் போன வரிகளை எச்சரிக்கைச் செய்திகளில் தேடிக் கண்டுபிடித்து, பெயரைத் திருத்திய பின்பே, சுற்றைச் சிப்பில் இடம்வைத்து இணைக்கும் இம்ப்ளிமென்டேஷனைத் தொடங்குங்கள்.