ஜார்ஜ் டவுன்ல மூணு ராத்திரி: நான் பண்ணின தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ஒரு தம்பி, என்கூட வேலை பாத்தவரோட மச்சான், மலேசியாவோட பினாங்குத் தீவுக்கு டிக்கெட் போட்டுட்டு, அங்க ஜார்ஜ் டவுன்ல போட்ட ரூம் புக்கிங் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். "அண்ணே, ஹெரிடேஜ் ரூம், லவ் லேன்லயே, செம ரேட்டு." பாத்ததுமே எனக்கு வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. அதே தெரு, அதே மாதிரி போட்டோ, கீழ பொடி எழுத்துல அதே 'ரீஃபண்ட் கிடையாது'.

கோலாலம்பூர்ல நாலு வருஷம் குப்பை கொட்டினவன் நான், ஜார்ஜ் டவுனுக்கு மட்டும் ஏழெட்டு தடவை தனியா போயிருக்கேன். பாஸ்போர்ட்ட பத்திரமா வைங்க, தண்ணி நெறைய குடிங்கன்னெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது உங்க அம்மாவே சொல்லுவாங்க.

ஜன்னல் இல்லாத 'ஹெரிடேஜ்' ரூம்

இதைத்தான் பொறுமையா சொல்லணும், ஏன்னா இன்னைக்கு நெனச்சாலும் கடுப்பாகுது.

மொத தடவை போனப்ப போட்டோல பூ டைல்ஸ், பச்சை கலர் மரக் கதவு, மேல சுத்துற பழைய ஃபேன், எல்லாம் பாத்துட்டு மூணு ராத்திரிக்கும் மொத்தமா பணத்தக் கட்டிட்டேன். போய் எறங்கினா அந்த டைல்ஸ் ரிசப்ஷன்ல இருக்கு. என் ரூம் மாடில, ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி, 14 கிலோ பெட்டிய மார்போட அணைச்சுத் தூக்கிட்டு ஏறினேன். கதவைத் திறந்தா ஜன்னல் ஒண்ணு இருக்கு, ஆஹான்னு திரைய வெலக்கினா அது வராண்டாவப் பாத்த ஜன்னல், ஒரு அடி தள்ளி எவனோ காயப்போட்ட ஈரத் துண்டு தொங்குது.

இது ஓட்டல்காரன் மட்டும் பண்ற திருட்டுத்தனம் இல்ல, அந்த வீடுங்களோட அமைப்பே அப்படி. அங்க இருக்கற கடைவீடுங்க எல்லாம் முன்பக்கம் குறுகல், உள்ள ரயில் பெட்டி மாதிரி நீளம், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரு. வெளிச்சமும் காத்தும் நடுவுல இருக்கற திறந்த முற்றத்து வழியாத்தான் வரணும், நம்ம ஊரு முற்றத்து வீடு மாதிரியேதான். ஒரு குடும்பம் இருக்கற வரைக்கும் அது அருமையான ஏற்பாடு. அதையே பலகை வச்சுத் தடுத்து பத்து ரூமா ஆக்கினா? தெருவப் பாத்த ஒண்ணு ரெண்டு ரூமுக்கும் கடைசி ரூமுக்கும்தான் வெளி ஜன்னல், நடுவுல எல்லாம் டப்பா.

எப்படி இவ்வளவு வீடு லாட்ஜாச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சிக்கிட்டேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்னு ஒண்ணு இருந்தது, 2000 தொடக்கத்தோட அது போயிடுச்சு, சொற்ப வாடகைல தலைமுறையா இருந்தவங்க பல பேர் காலி பண்ண வேண்டியதாச்சு. 2008ல மலாக்காவோட சேத்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஊரு ஏறினதும் அந்த வீடுங்க ஒவ்வொண்ணா கஃபே, கெஸ்ட் ஹவுஸ்னு மாறிடுச்சு.

சரி, என் கதைக்கு வரேன். லவ் லேனும் சூலியா ஸ்ட்ரீட்டும் சேர்ற எடத்துல பூரா தண்ணியடிக்கற பாருங்கதான். ராத்திரி பத்துக்கு மேலதான் அவங்களுக்குப் பொழுதே விடியுது. மரத்தரைங்கறதால அந்த 'டம் டம்' காதுக்கு வரல, முதுகுக்கு வருது. ரெண்டு மணிக்கு பாட்டு நின்னுச்சு, மூணு மணிக்கு பக்கத்து ரூம் பசங்க வந்தாங்க, பலகைச் சுவர்ங்கறதால அவன் ஷூ கழட்டறது வரைக்கும் கேக்குது, விடியக்காலைல கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்க. பாங்க குறை சொல்லல, அது 200 வருஷமா இருக்கு, நான் நேத்து வந்தவன்.

மறுநாள் மத்தியானம் ஒரு கோப்பிக்கடை மேசைல தலைய வச்சுத் தூங்கிட்டேன், சத்தியமா. சாயந்தரம் வேற எடத்துல ராத்திரிக்கு 180 வெள்ளின்னு ரெண்டு நாளைக்கு ரூம் போட்டேன் (ரிங்கிட்ட அங்க நம்மாளுங்க வெள்ளின்னுதான் சொல்லுவாங்க). பழைய ரூம் காசு போனது போனதுதான். காசு கூடப் பரவால்ல, மூணு நாள்ல ஒரு முழு நாள் தூக்கத்துக்கே போச்சு, ரெண்டு பேரா போனா ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் வேற ரூம் தேடலாம், தனியா போனா எல்லாத்துக்கும் நீங்க ஒரே ஆளு.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: ஜன்னல் வெளிய திறக்குமா, ரூம் தெருப்பக்கமா பின்பக்கமா, பாத்ரூம் உள்ளயா வெளியயா. பதில் மழுப்பினா விட்டுடுங்க. சத்தமான தெருன்னா பின்பக்கம் கேளுங்க, அமைதியான தெருன்னா முன்பக்கம் கேளுங்க. ரிவ்யூல மொத்த ஸ்டார பாக்காதீங்க, 'சத்தம்'ங்கற வார்த்தைய மட்டும் தேடிப் படிங்க. இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 10 வெள்ளி டூரிசம் டாக்ஸ் உண்டு, பெரும்பாலும் கவுண்டர்ல தனியா வாங்குவாங்க, அதுக்குப் போய் சண்டை போடாதீங்க.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "அண்ணே கேட்டேன், ஜன்னல் இருக்காம், திறந்தா செவுராம்."

அரைவல் கார்டுக்குக் காசு கட்டறது

மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு, அதாவது நாட்டுக்குள்ள நுழையறதுக்கு ஆன்லைன்ல நெரப்பற படிவம், ஃப்ரீ. போய் எறங்கறதுக்கு மூணு நாளுக்குள்ள அரசாங்க இமிக்ரேஷன் சைட்லயே நெரப்பிக்கலாம். டாலர் கேட்டா அது வேற சைட்டு.

லிட்டில் இந்தியாவோட நின்னுடறது

மத்தியானம் தோசை, சாயந்தரம் பாட்டுக் கடைல பழைய ராஜா பாட்டு, "அட நம்ம ஊரு மாதிரியே இருக்கு மச்சி"ன்னு ஸ்டேட்டஸ். அதுக்கு எதுக்குய்யா ஃப்ளைட் ஏறினீங்க.

அங்கேருந்து ரெண்டு தெரு தள்ளி நடங்க. 1786ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் வந்து எறங்கின கையோட போட்ட கட்டம் கட்டமான தெருக்கள்தான் அது. பழைய பிட் ஸ்ட்ரீட்ல 1818ல கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச், சீனங்களோட குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவுல 1833ல வந்த மாரியம்மன் கோயில், தெரு முனைல காதர் மொய்தீன்ங்கற தமிழ் முஸ்லிம் வியாபாரி 1801ல ஆரம்பிச்ச அதே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள்ள. சூலியாங்கற பேரே அந்தத் தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கிறதுதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 1802ல சின்ன மருது மகன் துரைசாமியையும் கூட எழுபதுக்கும் மேல ஆளுங்களையும் கம்பெனிக்காரன் தூத்துக்குடிலேருந்து கப்பலேத்தி நாடு கடத்தினது இந்தத் தீவுக்குத்தான், அப்ப அதுக்கு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுன்னு பேரு. என் கூட்டாளி ஒருத்தன், சிவகங்கைக்காரன், ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டான், அவனுக்கு இது தெரியாது. தெருச் சுவர்ல எல்லாரும் போட்டோ எடுத்துக்கற அந்த சைக்கிள் ஓவியத்தோட மட்டும் பதினோரு போட்டோ வச்சிருக்கான்.

சைக்கிள் ஓவியம்

காலைல எட்டு மணிக்கு முன்னாடி போங்க. அப்புறம் க்யூ.

விலை கேக்காம தட்டை நீட்டறது

சோறும் குழம்பும் விக்கற நாசி காண்டார் கடைல கைய காட்டினா போதும், ஆளு சரசரன்னு அள்ளி வச்சு மேல நாலு குழம்பையும் கலந்து ஊத்திடுவாரு. கோழி, முட்டை, வெண்டக்கா வரைக்கும் பயமில்ல. பெரிய இறால், மீன் முட்டை, கணவாய்ன்னு கை போச்சுன்னா மொதல்ல விலை கேளுங்க, கேக்கறதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. காண்டார்ன்னா தோள்ல தூக்கற கம்பு, காவடி மாதிரி ரெண்டு பக்கமும் பானை தொங்கவிட்டு நம்ம தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துல சோறு வித்த கதை அது, அதனால தமிழ்லயே கேட்டாலும் பல கடைல பதில் வரும்.

கோப்பிக்கடைல தனியா உக்காந்தா மேசை நம்பர மனசுல வச்சுக்கோங்க, உள்ள இருக்கற ஒவ்வொரு சாப்பாட்டு ஸ்டாலா போய் ஆர்டர் சொல்லும்போது அதைத்தான் கேப்பாங்க, சாப்பாடு வந்ததும் அங்கேயே காசு. குடிக்க எதுவும் சொல்லாம உக்காந்திருந்தா கடைக்காரம்மா மொகத்துல காட்டிடுவாங்க.

அஞ்சடிய நம்பி வேகமா நடக்கறது

கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதைய அங்க அஞ்சடின்னு சொல்லுவாங்க. வெயிலுக்கும் மழைக்கும் தெய்வம். ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் தரை ஒவ்வொரு உயரம், நடுவுல ஸ்கூட்டர், பூஜை மாடம், திடீர்னு ஒரு படி. போன் பாத்துட்டு நடந்து முட்டி பேந்தது நான்தான்.

கடல்மேல இருக்கற மர வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறது

சியூ ஜெட்டிங்கற சீனக் குடியிருப்புல கடல்மேல கால் ஊன்றி நிக்கற வீடுங்க மியூசியம் இல்ல. உள்ள ஆயா தூங்குது.

தைப்பூசத்தப்ப ரூம் போடாம போறது

தண்ணீர்மலை முருகனைப் பாக்க ஊரே தெரண்டு நிக்கும், அந்த வாரம் நீங்க ஜன்னல் இல்லாத ரூமுக்கே லைன்ல நிக்கணும்.