விசுவாச ஓட்டம்: மைதானத்திலிருந்து நாம் தவறாகக் கற்றுக்கொள்ளும் பாடங்கள்

பிரசங்கத்தில் விளையாட்டைப் பற்றிய பேச்சு வந்தால் வாலிபர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. பவுலே அந்த வழியில் போனவர்தான். கொரிந்துக்கு அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்துவந்தன. அந்த நகரத்தில் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்த பவுல், பின்னாளில் அங்குள்ள விசுவாசிகளுக்கு எழுதியபோது பந்தயச் சாலையில் ஓடுகிறவர்களை எடுத்துக் காட்டினார். சில நாளில் வாடிப்போகும் ஓர் இலைக் கிரீடத்துக்காக, அவர்கள் "எல்லாவற்றிலேயும் இச்சையடக்கமாயிருப்பார்கள்" என்றார் (1 கொரிந்தியர் 9:25). அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

நாம் அதே உவமையைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் பரிசளிப்பு மேடையைத்தான் பேசுகிறோம். பயிற்சியாளர் என்றதும் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவரே நினைவுக்கு வருகிறார். ஆட்கள் பார்க்காத நாட்களில் அவர் பிள்ளைகளோடு என்ன செய்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அதனால் சில தவறுகள் நம் வீடுகளிலும் சபைகளிலும் வேரூன்றிவிட்டன.

எல்லாவற்றிலும் ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் நன்றாக ஆடுகிறவனுக்குத்தான் அணியில் இடம். இந்தக் கணக்கை அப்படியே தேவனிடம் கொண்டுபோகிறோம். ஒரு வாரம் வேதம் வாசிக்கவில்லை என்றால், எட்டாம் நாள் ஜெபிக்கவே கூச்சம். தேர்வுப் போட்டியில் தடுமாறியவன் பயிற்சியாளர் கண்ணில் படாமல் நழுவுவதைப்போல ஆண்டவரிடமிருந்து நழுவுகிறோம். சுவிசேஷம் இதற்கு நேர் எதிரானது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்று ரோமர் 5:8 சொல்கிறது. இடம் முதலில் கொடுக்கப்பட்டுவிட்டது, பயிற்சி பிறகுதான் வருகிறது. ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் எல்லாம் ஏற்கெனவே பிள்ளைகளாக்கப்பட்டவர்களுக்கான பழக்கங்கள். இந்த வரிசை மாறிவிட்டால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் சுமையாகத்தான் முடியும்.

போட்டி என்பதையும் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஒருவனே பந்தயத்தைப் பெறுவான் என்று பவுல் எழுதியது ஓட்டக்காரனின் மும்முரத்தைக் காட்டுவதற்காக. பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரியை முந்திப்போவதற்காக அல்ல. அதே பவுல் கடைசிக் காலத்தில் நீதியின் கிரீடத்தைப் பற்றி எழுதும்போது, "எனக்கு மாத்திரமல்ல, அவர் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார் (2 தீமோத்தேயு 4:8).

அடுத்த தவறு, அடிப்படைகளைச் சிறுபிள்ளைகளின் பாடம் என்று ஒதுக்குவது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வுடன் என்ற பயிற்சியாளர் இருந்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக அணியைக் கொண்டு 1964 முதல் 1975 வரை 10 தேசியப் பட்டங்களை வென்றவர். நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். பருவத்தின் முதல் நாளில் அவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது காலுறை போடுவதை. குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கம் விழாமல் கையால் நீவிவிட வேண்டும். காலுறையை இழுத்துப் பிடித்தபடியே ஷூவுக்குள் காலை நுழைக்க வேண்டும். கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தவன் பயிற்சிக்கு வர முடியாது, பயிற்சி இல்லாதவன் ஆட்டத்தில் தேறமாட்டான் என்பது அவர் கணக்கு.

நம் கணக்கு வேறாக இருக்கிறது. எழுப்புதல் கூட்டத்தில் மூன்று நாள் அழுகிறோம், பாடுகிறோம், கையுயர்த்தி அர்ப்பணிக்கிறோம். அந்தக் கூட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. அங்கே மனந்திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் நான்காம் நாள் காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எந்த சங்கீதத்தில் தொடங்குவது, அந்த நேரத்தில் கைபேசி எந்த அறையில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. விசுவாசத்தின் காலுறைச் சுருக்கங்கள் இவைதான். முந்தின இரவு பன்னிரண்டு மணிவரை திரையைப் பார்த்தவருக்கு விடியற்காலை ஜெபம் வராது. அதற்கு ஆவிக்குரிய வறட்சி என்று பெயர் வைக்கிறோம். பல நேரம் அது வெறும் தூக்கக் குறைவு.

வுடனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் பெற்றோரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் கட்டாயம் அறிய வேண்டும். 1974-75 பருவத்தில் ரோனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் பேசுவதை வகை பிரித்துக் குறித்துக்கொண்டார்கள். வெற்றிகரமான பயிற்சியாளர் நிறையப் புகழ்வார், அல்லது நிறையத் திட்டுவார் என்றுதான் யாரும் நினைப்போம். இரண்டும் அங்கே மிகக் குறைவு. ஏறக்குறைய முக்கால் பங்கு பேச்சு, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நேரடி விளக்கம். தவறு நடந்த அந்தக் கணத்திலேயே சுருக்கமாகச் சொல்வார், செய்துகாட்டுவார், மறுபடி ஆட விடுவார்.

இதை நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை போனை விட்டுவிட்டுப் படிக்கக் கிருபை செய்யும், பெரியவர்களுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்" என்று ஜெபிக்கிறார். பக்கத்தில் முழங்காலில் நிற்கும் மகனுக்குத் தெரியும், இது ஆண்டவருக்குப் போகும் விண்ணப்பம் அல்ல, தனக்கு விழும் திட்டு என்று. அவனால் பதில் பேசவும் முடியாது. இப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஜெபம் என்றாலே குற்றப்பத்திரிகை வாசிப்பதாகத் தோன்றிவிடும். கண்டிக்க வேண்டியதைக் கண் திறந்து, நேராக, தனியாகச் சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் நீங்கள் தேவனிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பிள்ளை கேட்கட்டும். உங்கள் கடன், உங்கள் பயம், உங்கள் கோபம் எல்லாவற்றையும் அவருக்கு முன்பாக வைக்கும்போது, ஜெபிக்கும் விதம் அவனுக்குத் தானாகப் பிடிபடும்.

பெரியவர்களுக்கும் இதே குறிப்பான பயிற்சிதான் தேவை. கூடைப்பந்தில் இடது கை தடுமாறுகிற பிள்ளையிடம் "நன்றாக ஆடு" என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லி அனுப்புவதில்லை. இடது கையால் மட்டும் பந்தைத் தட்டவைப்பார். கோபத்தை விட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஜெபிக்கிறவர், அந்தக் கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பள்ளி வேன் வாசலுக்கு வருகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது. அப்படியானால் முந்தின இரவே சீருடையைத் தேய்த்து, பையை அடுக்கிவைப்பது கோபத்துக்கு எதிரான பயிற்சி. "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னது இவ்வளவு சாதாரணமான காரியங்களையும் தொடும்.

இனி ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். லிடெலின் கதை நம் மேடைகளில் முடியும் விதம் எப்போதும் ஒன்றுதான். தேவனைக் கனம்பண்ணினார், தேவன் தங்கம் கொடுத்தார். நீங்களும் கனம்பண்ணுங்கள், உங்களுக்கும் கிடைக்கும்.

இப்படிச் சொல்வது லிடெலுக்கே அநியாயம். போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த மாதங்களில் அவர் 400 மீட்டருக்காகப் பயிற்சியாளரோடு கடுமையாக உழைத்தார். கீழ்ப்படிந்ததற்காக உழைப்பு தள்ளுபடியாகவில்லை. அதே ஞாயிறு காரணத்துக்காக இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டார். அவற்றுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43. முகாம் விடுதலையானது அந்த ஆண்டு ஆகஸ்டில். கீழ்ப்படிதலுக்குப் பதக்கம் நிச்சயம் என்று பிரசங்கிக்கிறவர் இந்தப் பிற்பகுதியை என்ன செய்வார்? வேலை கிடைத்த சாட்சியை மட்டும் மேடையேற்றும் சபையில், வேலை போயும் விசுவாசத்தில் நிற்கிறவர் பின் வரிசைக்குப் போய்விடுகிறார். உண்மையில் சபை கேட்க வேண்டிய சாட்சி அவருடையது.

ஓய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடினமான பயிற்சிக்கு மறுநாள் இலேசான பயிற்சி என்பது எந்த உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரிந்த விதி. சபையிலோ பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், வீடு சந்திப்பு என்று ஒரே நான்கு பேர்மேல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அவர்கள் ஒருநாள் வராமல் போனால் வைராக்கியம் குறைந்துவிட்டது என்கிறோம். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு தேவதூதன் கொடுத்தது அடையும் தண்ணீரும். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். அறிவுரை அதற்குப் பிறகுதான் வந்தது.

கடைசியாக, விழுந்தவனை அணியிலிருந்து நீக்கும் அவசரம். மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவில் ஊழியத்தைப் பாதியில் விட்டு எருசலேமுக்குத் திரும்பினார். அடுத்த பயணத்தில் அவரை மறுபடி சேர்ப்பதா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். அணிக்கு நம்பத்தக்கவர் வேண்டும் என்ற பவுலின் கவலை நியாயமானது. ஆனால் மாற்குவைத் தன்னோடு சீப்புருவுக்குக் கூட்டிப்போன பர்னபாதான் அங்கே பயிற்சியாளராக நடந்துகொண்டார் என்பது என் முடிவு. பிறகு பவுலே எழுதினார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" (2 தீமோத்தேயு 4:11).

காயம் ஆறி வருகிறவரை முதல் நாளே முழு ஆட்டத்தில் இறக்குவதும் தவறு, வெளியே உட்காரவைத்தே வைத்திருப்பதும் தவறு. பல ஆண்டுகள் கழித்துச் சபைக்கு வருகிறவரிடம் "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். அந்த வாரமே கையில் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்லவும் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்கக் கூப்பிடுங்கள், கூடவே நீங்களும் அடுக்குங்கள், அடுத்த ஞாயிறும் அப்படியே.